அலிஃப், மீம், நூன்

அவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால் பயந்துவிடுவார். முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் எல்லோரும் கூப்பிடுவது போல நானும் நானா என்றே கூப்பிட்டேன். இங்கேயும் அதுவே போதும்.

அவரைப் போல ஒரு பயந்த மனிதரை நான் கண்டதில்லை. எங்கள் ஊரான தண்ணீரூற்றில் யாருக்குத்தான் பயமில்லை? சண்டைக்குள்ளிருந்து வந்தவர்கள் நாங்கள். ஆனால் பயத்தை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாதது போல முகத்தை வைத்திருக்கப் பழகியிருந்தோம். நானாவுக்கு அந்த வித்தை வராது. காலையில் கடைப் பலகையைக் கழற்றும்போதே, மற்றவர்கள் வெயிலைப் பற்றிச் சொல்வது போல, "தங்கச்சி, இண்டைக்கு பயமாக் கிடக்குது" என்பார்.

"என்னத்துக்கு நானா?"

"தெரியாது. அதுதான் பயம்."

நாய்க்குப் பயம். தெரியாத இலக்கத்திலிருந்து வரும் போனுக்குப் பயம். கடை வாசலில் மோட்டார் சைக்கிள் நின்று, வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றச் சுணங்கினால் போதும், கதிரையை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவார். வந்தவன் டியூப் வாங்க வந்தவனாக இருப்பான். மண்ணிறக் கடித உறை ஏதும் வந்தால் என்னிடம் கொண்டுவந்து பிரிக்கச் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்பார். ஒருமுறை நான் பிரித்துப் பார்த்தால், இலவசக் கண் பரிசோதனை பற்றிய அறிவித்தல். அதையும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

என்னுடையது போட்டோக்கொப்பிக் கடை. பக்கத்தில் அவருடைய சைக்கிள் சாமான் கடை. நடுவில் ஒரு தகரம்தான். அவர் பயந்துபோன நேரங்களில் தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்புக் கேட்கும். "அமன, அமான், அமானத், அமீன், ஈமான், முஃமின்..." ஏதோ ஓதுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் கேட்டேன்.

"ஓதேல்லத் தங்கச்சி. சொல் அடுக்கிறன்."

தொண்ணூறாம் ஆண்டு அவர்களுடைய சனத்தை இயக்கம் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது அவர் சின்னப் பையன். புத்தளத்தில் அகதியாக வளர்ந்து, சண்டை முடிந்த பிறகுதான் ஊருக்குத் திரும்பினார். புத்தளத்தில் இருந்தபோது ஒரு மதரசாவில் மூன்று வருடம் படித்துவிட்டு நிறுத்திவிட்டாராம். ஏன் மௌலவி ஆகவில்லை என்று கேட்டதற்கு, "சனத்துக்கு முன்னால நிண்டு பேசப் பயம்" என்றார். ஆனால் அங்கே பிடித்த வேர்ப் பைத்தியம் மட்டும் விடவில்லை. அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்றெழுத்து வேரிலிருந்துதான் பிறக்குமாம். தடித்த மட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பியில் பக்கத்துக்கு ஒரு வேராக எழுதி வைத்திருந்தார். நடுவில் மூன்றெழுத்து, அதைச் சுற்றி வட்டம், சைக்கிள் சில்லுக்குக் கம்பி போட்டது போலக் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் அந்த வேரில் பிறந்த ஒரு சொல். கோடுகளுக்கு ஒன்றிலிருந்து பத்துவரை இலக்கம். வேரை எந்த அச்சில் வார்த்தது என்பதற்கு அந்த இலக்கமாம். ஒரு பக்கம் முடிந்ததும் என்னிடம் கொண்டுவந்து போட்டோக்கொப்பி எடுப்பார். தொலைந்துபோய்விடும் என்று அதற்கும் பயம்.

முதல் பக்கத்தில் இருந்த வேர்தான் பயத்துக்கு மருந்து. அலிஃப், மீம், நூன்.

"இதைப் பாருங்கோ" என்று ஒருநாள் என் மேசையில் கொப்பியை விரித்தார். "அம்ன், அமான் எண்டால் பயமில்லாமல் இருக்கிறது. அதுதான் அடி. அமானத் எண்டால் ஒருத்தர் நம்பித் தந்த பொருள். நாங்க அமானிதம் எண்டு சொல்லுவம். அமீன் அதைக் காப்பாத்துறவர். ஈமான் நம்பிக்கை. முஃமின் நம்பினவன். மற்றவனைப் பயமில்லாமல் இருக்க வைக்கிறவனுக்கும் அந்தச் சொல்தான். இந்தா, பத்தாவது கம்பியில இஸ்திஃமான். பயந்தவன் பாதுகாப்புக் கேக்கிறது."

"எல்லாத்துக்கும் அடி பயமில்லாமைதானோ?"

"ஓம். பயம் போனால்தான் மற்றதெல்லாம் முளைக்கும்."

"அப்ப உங்களுக்கு ஒண்டும் முளைக்காது நானா."

"அதுதானே தங்கச்சி என்ட பயமும்" என்றார். சிரித்தபடிதான் சொன்னார்.

நான் வேதக்காரி. நாங்கள் கோயிலில் சொல்லும் ஆமெனும் அகராதியில் அதே பக்கத்தில்தான் கிடக்கிறது என்றார். அது வேறு இடத்திலிருந்து வந்த சொல் என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்களாம், அதையும் மறைக்காமல் சொன்னார். அதற்குப் பிறகு பூசையில் ஆமென் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சைக்கிள் சில்லு ஞாபகத்துக்கு வந்து தொலைக்கும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அரபு எழுத்து உள்ள கடதாசி நிலத்தில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு போகமாட்டார். குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, சட்டைப் பையில் வைப்பார். பேரீச்சம்பழப் பெட்டியின் மட்டை, கிழிந்த கலண்டர் தாள், கலியாணக் கார்ட், என் மெசினில் மை கொட்டி நான் எறிந்த அவருடைய தாள்கள், எல்லாம் கடைக்குள் ஆணியில் தொங்கிய ஓர் உரப்பைக்குள் போகும்.

"பேரீச்சம்பழம் எத்தினை கிலோ எண்டுதான் அதில எழுதியிருக்கும்" என்று பகிடி பண்ணுவேன்.

"இருக்கட்டும். எழுத்தெல்லோ. காலில மிதிபடக்கூடாது."

பை நிறைந்தால் கல்லைக் கட்டி ஆழமான தண்ணீரில் விட வேண்டும், இல்லாவிட்டால் மனிதர் கால் படாத இடத்தில் மண்ணுக்குள் தாட்டுவிட வேண்டும். அதுதான் அவர்களுடைய முறை.

தாட்டு வைப்பது எங்களுக்குப் புதிதல்ல. இனி என் கதையைச் சொல்ல வேண்டும்.

கடைகளுக்குப் பின்னால் என் வீட்டு வளவில் ஒரு பலா மரம் நிற்கிறது. அதன் அடியில் ஒரு பால்மாத் தகரப் பேணி தாட்டிருக்கிறது. பேணிக்குள் என் அண்ணனின் படம். இயக்கத்தின் உடுப்போடு எடுத்தது. அண்ணன் சண்டையின் கடைசி நாட்களில் காணாமற்போனவன். அவனுடைய மற்றப் படங்களெல்லாம் ஓட்டத்தில் போய்விட்டன. முகாமில் அந்த ஒன்றைச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றினேன். ஊருக்கு வந்த பிறகு வீட்டில் வைத்திருக்கவும் பயம், எரிக்கவும் மனம் வரவில்லை. மண்ணிடம் கொடுத்தேன். அந்த மூலைக்கு ஒருவரையும் விடமாட்டேன்.

ஒருநாள் பகல் ஒரு நாய் மரத்தடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு நின்றது. நான் கத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்து, பாம்பு என்று நினைத்து நானா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். என்னவோ, அந்த நேரத்தில் யாரிடமாவது சொல்லாவிட்டால் செத்துவிடுவேன் போலிருந்தது. சொல்லிவிட்டேன். உங்களைத் துரத்திய இயக்கத்தில் இருந்தவன்தான் என் அண்ணன் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. "என்னட்ட ஏன் சொன்னீங்க? நான் பயந்தவன். ஒருத்தன் கண்ணை உருட்டிக் கேட்டால் எல்லாத்தையும் சொல்லிப்போடுவன்."

"சொன்னது சொன்னதுதான் நானா. மறந்துபோங்கோ."

"மறக்கேலாது. அமானிதம் எல்லோ." போகத் திரும்பியவர் நின்றார். "அண்ணனுக்குப் படத்தில எத்தினை வயசு?"

"பத்தொன்பது."

தலையை ஆட்டிக்கொண்டு போனார். அன்று பின்நேரம் முழுக்கத் தகரத்துக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு ஓயவில்லை.

பிறகு உயிர்த்த ஞாயிறன்று கோயில்களில் குண்டு வெடித்த அந்த வருடம் வந்தது. செத்தவர்கள் எங்கள் சனம், வெடிக்க வைத்தவர்கள் அவருடைய சனத்தில் சிலர். பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்துக் கடையில் இருந்தவருக்கும் இறங்கவில்லை என்பதை நான் பார்த்தேன். ஆனாலும் முன்பு போல் அவரோடு கதைக்க வாய் வரவில்லை. கோயிலில் ஒருத்தி கேட்டாள்: "உன்ர பக்கத்துக் கடைக்காரன் ஏதோ வட்டம் வட்டமாக் கீறுறானாம், உண்மையோ?" நான் தெரியாது என்றேன். தெரியாது என்று சொன்னது அவரைக் காப்பாற்றவா என்னைக் காப்பாற்றவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வீடு வீடாகத் தேடுதல் நடந்தது. அரபுப் புத்தகம் வைத்திருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று கதை வந்தது. ஆணியில் தொங்கிய உரப்பை ஒருநாள் காணாமற்போனது. நான் கவனிக்காதது போல் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு, கோயில் வாசலில் சோதனைக்குப் பையைத் திறந்து காட்டிவிட்டுப் பூசை கண்டு வீட்டுக்கு வந்தால், கொட்டிலுக்குள் வைத்துவிட்டுப் போன மண்வெட்டி வேலியில் சாய்ந்து நின்றது. அலகில் ஈர மண். முதலில் பலாவடிக்கு ஓடினேன். அங்கே ஒன்றும் இல்லை. வளவு முழுக்கத் தேடினேன். கிண்டிய அடையாளமே தெரியவில்லை. யாரோ என் காணியில் எதையோ தாட்டிருக்கிறார்கள். வன்னியில் அந்த வசனத்துக்கு ஒரே ஒரு கருத்துத்தான். நாளைக்கு ஒரு துவக்கோ குண்டோ அங்கிருந்து வெளியே வந்தால் நான் யாரிடம் போய் என்ன சொல்வேன்?

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை. நேரே விதானையாரிடம் போனேன். கிராம சேவகரை நாங்கள் இன்னும் அப்படித்தான் சொல்வது.

"ஐயா, ஆரோ என்ர வளவுக்க வந்து கிண்டியிருக்கினம். பிறகு என்னில பிழை வரக்கூடாது. அதுதான் சொல்ல வந்தனான்."

அவர் தானே வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். வேலியால் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்டுக்கொண்டேன். மறுநாள் காலை ஆமிக்காரர் ஒரு டிரக்கில் வந்தார்கள், மிதிவெடி தேடும் கருவியோடு.

வன்னி மண்ணில் அந்தக் கருவி கத்தாத இடம் உண்டா? கிணற்றடியில் கத்தியது. கிண்டினார்கள், ஒரு கரண்டி. கத்தியது, கூரைத் தகரம். கத்தியது, வெடித்த செல் துண்டு. கிணற்றடியிலிருந்து வரிசை பிடித்து அவர்கள் பலா மரத்தை நோக்கி வந்தார்கள். பேணியும் இரும்புதான் என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. நான் குசினி வாசலில் நின்று செபமாலையைப் பிடித்தேன். எந்தச் செபமும் முழுதாக வரவில்லை. எண்ணிக்கொண்டு நின்றேன்: மரத்துக்கு இன்னும் பன்னிரண்டு அடி. பத்து அடி. எட்டு.

"சேர்! சேர்!"

நானா வேலிக் கம்பிக்குள்ளால் நுழைந்து வந்தார். உடுத்திருந்த சாரம் கம்பியில் கிழிந்தது. இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தார். துவக்குகள் அவர் பக்கம் திரும்பின.

"அந்த மெசின் கத்தாது சேர். இரும்பில்லை, கடதாசி. நான்தான் தாட்டனான். வாங்கோ, காட்டுறன்."

நாய்க்குப் பயந்த மனிதர். ஹெல்மெட் போட்டவனுக்குப் பயந்த மனிதர். முன்னால் நடந்துபோய், என் வேலியோரத்தில் மாடுகூட நுழையாத நாகதாளிப் பற்றைக்குப் பின்னால் ஓர் இடத்தைக் காட்டினார். உரப்பை வெளியே வந்தது. எல்லோரையும் தூரப் போகச் சொல்லிவிட்டு, ஒரு தடியால் பையைத் திறந்தார்கள். பேரீச்சம்பழ மட்டைகள் கொட்டின. அவற்றுக்குள் சீஆர் கொப்பி.

அதிகாரி இளம் பெடியன். அவனும் கொப்பியைத் தடியால் தட்டிப் பார்த்த பிறகுதான் கையில் எடுத்தான். அன்று அந்த வளவில் பயப்படாமல் நின்றது பலா மரம் மட்டும்தான். கொப்பியின் முதல் பக்கத்தை விரித்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

"இது என்ன? ரவுண்ட், நம்பர். பாம் டைமா?"

"இல்லை சேர். வேர். ஒரு சொல்லின்ட வேர்."

"என்ன சொல்லு?"

"ஆரக்ஷாவ, சேர். பாதுகாப்பு. பயம் இல்லாமல் இருக்கிறது."

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தான். "அப்போ நீ ஏன் நடுங்குறது?"

"எனக்கு அது இன்னும் வரேல்ல சேர்."

தேடி வந்தது கிடைத்துவிட்டதால் கருவியைச் சுருட்டிக்கொண்டார்கள். அவரை டிரக்கில் ஏற்றினார்கள். போகும்போது ஒருதரமும் அவர் என்னைப் பார்க்கவில்லை, மரத்தையும் பார்க்கவில்லை. தவறிக்கூடக் கண் அந்தப் பக்கம் போய்விடக்கூடாது என்பது போல நிலத்தைப் பார்த்தே நடந்தார். அவர் நல்லவர் என்று சொல்ல எனக்கு ஒரு வாய் இருந்தது. திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பதினொரு நாள் கழித்து வந்தார். வந்த அன்றே கடையைத் திறந்தார். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு நாள் பொறுத்துவிட்டு நானே போனேன்.

"ஒருத்தரும் கை வைக்கேல்லத் தங்கச்சி" என்றார் நான் கேட்க முன்னமே. "ஒவ்வொரு தாளாக் கேட்டவை. அரபு தெரிஞ்ச ஒரு ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்தவை. அவர் எட்டாவது கம்பியைப் பிழையாச் சொன்னார். திருத்தினன்."

"பயமில்லாமலோ?"

"பயந்து பயந்துதான்."

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுத் தாட்டிருக்கலாமே நானா."

"தெரியாட்டில் நீங்க பொய் சொல்லத் தேவையில்லை எண்டு நினைச்சன். மண்வெட்டியை உள்ள வைக்க மறந்திட்டன். றோட்டில ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது, ஓடிட்டன்."

சிரிக்க வேண்டிய இடம். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நானா, விதானையாரிட்டச் சொன்னது நான்தான்."

"தெரியும். முதல் நாளே அவை சொன்னவை."

"பிறகும் ஏன்..."

"நீங்க பயத்தில சொன்னீங்க. பயந்த ஆள் பாதுகாப்புக் கேக்கிறது பாவமில்லை. பத்தாவது கம்பி, ஞாபகமிருக்கோ?" பெடல் ஒன்றை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அது புதுப் பெடல், துடைக்க ஒன்றுமில்லை. "தங்கச்சி, நான் புத்தளத்துக்குப் போகப்போறன். மகளோட இருக்க."

"என்னாலயோ?"

"இல்லை. அந்தப் பதினொரு நாளும் உங்கட மரத்தைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்ல. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன் எண்டு பயமாக் கிடக்குது. திரும்பவும் கூப்பிட்டால், திரும்பவும் கேட்டால், என்னில எனக்கு நம்பிக்கையில்லை. தூரத்தில இருந்தால் நல்லது."

முதல் முறை துவக்கோடு வந்தவர்கள் போகச் சொன்னார்கள். இந்த முறை ஒருவரும் சொல்லவில்லை. என் அண்ணனின் படம் அவரை இரண்டாம் தரம் ஊரை விட்டு அனுப்பியது.

மாதத்துக்கு ஒருதரம் போன் எடுப்பார். சுகம் கேட்டுவிட்டுக் கடைசியில், "பலா காய்ச்சதோ?" என்பார்.

"காய்ச்சிருக்கு நானா." ஒன்றும் நடக்கவில்லை என்று கருத்து.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரு பெருமூச்சு வரும். வைத்துவிடுவார்.

இதை வாசித்துவிட்டு யாரும் மண்வெட்டியோடு வர வேண்டாம். அது பலா மரம் இல்லை. மரத்தை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவரிடமிருந்து நான் படித்த பயம் அவ்வளவுக்காவது உதவட்டும்.

போன மாசியில் போன் வந்தது, அவருடைய இலக்கத்திலிருந்து. எடுத்தால் மகள்.

"மாமி, வாப்பா மௌத்தாயிட்டார். உங்களுக்குக் கட்டாயம் அறிவிக்கச் சொன்னவர்."

ஒரு கிழமையாகக் கடும் காய்ச்சலாம். நினைவு தப்பித் தப்பி வந்ததாம். பிதற்றினாராம்.

"என்ன சொன்னவர் பிள்ளை?" அவருக்காக அழ வேண்டிய நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது பயம்தான்.

"அந்த அமன, ஈமான், அமானத் எண்டு அடுக்குவாரே, அதைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவர். இடைக்கிடை, 'மரம்... மரம்...' எண்டவர். என்ன மரம் வாப்பா எண்டு நான் கேட்டன். கேட்டதும் முழிச்சு என்னைப் பார்த்தார் மாமி. ஆரெண்டு தெரியாத மாதிரி, அப்பிடி ஒரு பயம் கண்ணில. பிறகு ரெண்டு கையாலயும் தன்ட வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். மௌத்தாகுமட்டும் அந்தக் கையை எடுக்கவேயில்லை. அது என்ன மரம் மாமி?"

"சும்மா ஒரு பலா மரம், பிள்ளை" என்றேன்.